நானோதுகள் மேல் ஒட்டும் புரதங்களைப் பிரித்து அளப்பது எப்படி: புரோட்டீன் கொரோனா, ஒரு செய்முறைக் கையேடு

நானோதுகளை ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் விட்டு அரை நிமிடம் ஆவதற்குள் அதன் மேற்பரப்பைப் புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு செல் தொட்டுப் பார்ப்பது நீங்கள் மெனக்கெட்டுத் தயாரித்த துகளை இல்லை, இந்தப் புரத உறையைத்தான். டப்ளினிலும் லுண்டிலும் இருந்த ஆய்வாளர்கள் 2007-இல் இதற்கு வைத்த பெயர்தான் புரோட்டீன் கொரோனா. மருந்தை எந்த உறுப்புக்கு அனுப்புவது, எந்தத் துகள் நச்சு, எது இல்லை என்ற கேள்விகளெல்லாம் கடைசியில் இந்த உறையில்தான் போய் நிற்கின்றன. ஆனாலும் பல பேர் துகளைச் சுத்தமான தண்ணீரில் அளந்து, அந்த அளவை எடுத்துக்கொண்டு நேராகச் செல் பரிசோதனைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் இருப்பதற்கான வழி கீழே.

முதலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் செய்முறையின் பாதி படிகள் எதற்கு என்றே புரியாது. பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது, அதில் பாதிக்கும் மேல் அல்புமின். எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அல்புமின்தான் முதலில் வந்து ஒட்டும். ஆனால் அளவில் குறைந்த, பிடிப்பில் வலுவான புரதங்கள் பின்னாலேயே வந்து அதைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன், கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதங்கள், நோயெதிர்ப்பில் வேலை செய்யும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் எல்லாம் இந்த வகை. கண்ணாடி போன்ற பரப்புகளில் இந்த இடமாற்றத்தை லியோ வ்ரோமன் 1962-லேயே காட்டியிருந்தார், அதனால் வ்ரோமன் விளைவு என்கிறோம். நானோதுகளில் யார் யார் ஒட்டுகிறார்கள் என்பது பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது, அப்புறம் மாறுவது அதிகமாக அவரவர் அளவுதான்.

இறுக்கமாக ஒட்டியிருப்பது கெட்டிக் கொரோனா, மேலே வந்து வந்து போவது தளர் கொரோனா. இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிக் கழுவியெடுத்தால் உங்கள் கையில் மிஞ்சுவது கெட்டிக் கொரோனா மட்டும். இதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

எந்தத் திரவம்?

துகள் நிஜத்தில் எந்தத் திரவத்தைச் சந்திக்கப் போகிறதோ அதை எடுங்கள். நரம்பில் ஏற்றும் மருந்து என்றால் பிளாஸ்மா. மூச்சில் போகும் துகள் என்றால் நுரையீரல் படலத்தின் திரவம். அங்கே கொழுப்பும் நுரையீரல் படலத்துக்கே உரிய சர்ஃபாக்டன்ட் புரதங்களான எஸ்பி-ஏ, எஸ்பி-டி இரண்டும் முக்கியம், ரத்தப் பிளாஸ்மாவை வைத்துச் செய்த கொரோனா அங்கே எதையும் சொல்லாது. வாய் வழியே போகிற துகள் வயிற்று அமிலத்தையும் செரிமான நொதிகளையும் முதலில் பார்க்கும்.

பிளாஸ்மாவும் சீரமும் ஒன்றில்லை. ரத்தம் உறைந்த பின் எடுப்பது சீரம், அதில் ஃபைப்ரினோஜன் ஏறக்குறைய இருக்காது. ஃபைப்ரினோஜனோ பல துகள்களின் கொரோனாவில் முதல் சில இடங்களுக்குள் வருகிற புரதம். அதை எடுத்துவிட்டுப் பார்க்கும் கொரோனா வேறொரு கொரோனா. சரி, பிளாஸ்மாவே எடுக்கலாம் என்றால் உறைதடுப்பான் எது என்ற கேள்வி வருகிறது. ஹெபரின் கடுமையான எதிர்மின்னேற்றம் உடையது, நேர்மின்னேற்றத் துகளில் அதுவே போய் ஒட்டிக்கொள்ளும். ஈ.டி.டி.ஏ., சிட்ரேட் இரண்டும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்வதால் காம்ப்ளிமென்ட் தொடர்வினை சரியாக ஓடாது. அதனால் நோயெதிர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் ஹிருடின் என்ற உறைதடுப்பான் போட்ட பிளாஸ்மாவையோ புதிய சீரத்தையோ எடுப்பது நல்லது. மற்ற வேலைகளுக்கு நான் சிட்ரேட் அல்லது ஈ.டி.டி.ஏ. பக்கம்தான் நிற்பேன், ஆனால் ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதிலேயே இருங்கள்.

அடர்த்தியும் முக்கியம். செல் வளர்ப்பில் 10 விழுக்காடு கன்றுக்குட்டிச் சீரம் போடுவது வழக்கம், உடலுக்குள்ளோ ரத்தத்தில் பாதிக்குமேல் பிளாஸ்மா. 10 விழுக்காட்டில் கிடைக்கும் கொரோனாவும் 55 விழுக்காட்டில் கிடைப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. எலியின் பிளாஸ்மா, மாட்டின் சீரம், மனிதப் பிளாஸ்மா மூன்றும் மூன்று விதம். ஒரே மனிதக் கூட்டத்துக்குள்ளேயே நோய், உண்ட உணவு, கர்ப்பம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும், அதனால் பல கொடையாளர்களின் பிளாஸ்மாவைக் கலந்து ஒரே தொகுதியாக வைத்துக்கொண்டு, சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து, ஒரு பங்கை ஒரே ஒரு முறை மட்டும் உருக்கிப் பயன்படுத்துங்கள். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. அதுவும் கொரோனாவை மாற்றுகிறது, செல் உறிஞ்சும் அளவையும் மாற்றுகிறது.

மனிதப் பிளாஸ்மாவைத் தொற்று இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே கையாளுங்கள். உலர்ந்த நானோத்தூளைத் திறந்த மேசையில் எடை போடாதீர்கள்.

துகளின் பரப்பைக் கணக்குப் போடுங்கள்

அவசரத்தில் இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கோ மொத்தச் செய்முறையிலும் இதுதான் முக்கியமாகப் படுகிறது. புரதம் ஒட்டுவது எடையில் இல்லை, பரப்பில். உருண்டைத் துகள் என்றால் கணக்கு எளிது: 6000-ஐத் துகளின் அடர்த்தியாலும் (கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்) விட்டத்தாலும் (நானோமீட்டரில்) வகுத்தால் ஒரு கிராம் துகளுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்று வந்துவிடும்.

100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன், அடர்த்தி 1.05. கிராமுக்கு 57 சதுர மீட்டர். அதே விட்டத்தில் சிலிகா, அடர்த்தி சுமார் 2, கிராமுக்கு 30. 20 நானோமீட்டர் தங்கம், அடர்த்தி 19.3, கிராமுக்கு 15.5 சதுர மீட்டர். ஆக, மூன்றையும் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று சமமாக எடுத்து வைத்துவிட்டு "பாலிஸ்டைரீனில்தான் அதிகப் புரதம் ஒட்டுகிறது" என்று எழுதினால் அதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, அங்கே பரப்பு அதிகம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி போங்கள். 1 மில்லிகிராம் பாலிஸ்டைரீனில் 0.057 சதுர மீட்டர் பரப்பு. புரதம் ஒற்றை அடுக்காக மூடினால் சதுர மீட்டருக்குச் சில மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம், அப்படியானால் மொத்தம் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் புரதம் போதும். 10 விழுக்காடு பிளாஸ்மா 1 மில்லிலிட்டரில் சுமார் 7 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. பார்த்தால் தாராளம். ஆனால் அப்போலிப்போபுரதம்-ஈ பிளாஸ்மாவில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான், 10 விழுக்காட்டு மில்லிலிட்டரில் அது சில மைக்ரோகிராமாகச் சுருங்கிவிடும். அந்தச் சில மைக்ரோகிராமும் ஒட்டி முடிந்ததும் மிச்சப் பரப்பை வேறு புரதங்கள் நிரப்பும். நீங்கள் துகளை இரட்டிப்பாக்கினால் அந்தப் புரதத்தின் பங்கு பாதியாகக் குறைந்த மாதிரி தெரியும், துகளின் குணம் ஒரு துளிகூட மாறாமலேயே. அதனால் வெவ்வேறு துகள்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு டியூபிலும் ஒரே பரப்பு, ஒரே கனஅளவு பிளாஸ்மா. எடையை மறந்துவிடுங்கள்.

பரப்பைக் கணக்கிட விட்டம் சரியாக வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த விட்டத்தைப் போடுங்கள், ஒளிச்சிதறல் கருவி தரும் விட்டம் தண்ணீர்ப் படலத்தையும் சேர்த்துக் கொஞ்சம் பெரிதாகவே காட்டும். துளைகள் உள்ள சிலிகா, நீண்ட குழல், தட்டு வடிவம் இதற்கெல்லாம் இந்தச் சூத்திரம் பொருந்தாது.

கலப்பதும் கழுவுவதும்

பிளாஸ்மாவை உருக்கியதும் 16,000 ஜி விசையில் (ஜி என்றால் புவியீர்ப்பு விசை) 3 நிமிடம் சுழற்றுங்கள். அடியில் கொஞ்சம் வெள்ளையாகப் படியும், உறைந்து உருகியதில் திரண்ட புரதம் அது. மேலே நிற்பதை மட்டும் எடுத்து 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். துகளையும் தனியே 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிளாஸ்மாவுக்குள் ஒரே மூச்சில் விட்டு உடனே பிப்பெட்டால் இரண்டு மூன்று முறை இழுத்து விட்டுக் கலக்குங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் முதல் சொட்டுத் துகள் அதிகப் புரதத்தைப் பார்க்கும், கடைசிச் சொட்டு குறைவாகப் பார்க்கும். சிட்ரேட் பூசிய தங்கத்தை முன்கூட்டியே பி.பி.எஸ். என்ற உப்புத் தாங்கல் கரைசலில் நீர்க்கவைத்துவிடாதீர்கள், உப்பு பட்டதும் சிவப்பு நிறம் ஊதாவாகித் திரண்டுவிடும், அதற்கப்புறம் எந்தப் புரதம் வந்தும் பயனில்லை. ஒரு மணி நேரம் 37 டிகிரியில், மெதுவாகச் சுழன்றபடி வைத்திருங்கள்.

கூடவே ஒரு வெற்று டியூப் கட்டாயம் வேண்டும்: அதே பிளாஸ்மா, துகளுக்குப் பதில் அதே அளவு தாங்கல் கரைசல், மற்றபடி எல்லாப் படியும் அப்படியே. கடைசியில் இந்த டியூபிலும் கொஞ்சம் புரதம் கிடைக்கும். டியூபின் சுவரில் ஒட்டியதும் தானாகத் திரண்டதுமாக வருவது அது. அது எவ்வளவு என்று தெரியாமல் மற்ற எண்களை நம்ப முடியாது. புரதம் குறைவாக ஒட்டும் வகை டியூப் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகும்.

இனி பிரிப்பது. அழுத்தமான துகள் சீக்கிரம் இறங்கும், லேசான துகள் இறங்காது. 20 டிகிரித் தண்ணீரில் 20,000 ஜி-யில் 100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இறங்கும், சிறிய டியூபுக்கு அது போதும். பிளாஸ்மாவில் அதே துகள் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும், ஏனென்றால் பிளாஸ்மாவின் பாகுத்தன்மையும் அடர்த்தியும் கூடுதல். 4 டிகிரியில் சுழற்றினால் இன்னும் மெதுவு. சிலிகா இதைவிட ஏறக்குறைய 20 மடங்கு வேகம். ஒரே வேகம், ஒரே நேரம் என்று எல்லாத் துகளுக்கும் வைத்தால் பாலிஸ்டைரீனில் பாதி மேலேயே மிதந்துகொண்டிருக்க, சிலிகா அடியில் கல்லாக இறுகிக் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு துகளுக்கும் தனியாகச் சுழற்றிப் பார்த்து, மேலே நிற்கும் திரவத்தில் துகள் மிச்சமில்லை என்று ஒளிச்சிதறலிலோ உறிஞ்சலிலோ பார்த்துவிட்டுத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

மேல் திரவத்தை எடுக்கும்போது அடியில் படிந்த வில்லைக்கு மேலே 50 மைக்ரோலிட்டர் மாதிரி விட்டுவிடுங்கள். குளிர்ந்த பி.பி.எஸ். விட்டு, வில்லை முழுதாகக் கலையும்வரை பிப்பெட்டால் அடித்துக் கலைத்து, புது டியூபுக்கு மாற்றி மீண்டும் சுழற்றுங்கள். புது டியூபுக்கு மாற்றுவது சும்மா இல்லை, பழைய டியூபின் சுவரில் ஒட்டிய அல்புமினைக் கழற்றிவிட அது ஒன்றுதான் எளிய வழி. மூன்று முறை கழுவினால் போதும். ஒவ்வொரு கழுவல் திரவத்தையும் எடுத்து வைத்து, புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டிப் பாருங்கள், மூன்றாவதில் பட்டை தெரியக்கூடாது. வில்லை கலையவில்லை என்று மீயொலியால் அதிரவைக்கும் சோனிகேட்டரில் நீண்ட நேரம் வைத்தால் புரதமே கழன்றுவிடும். எவ்வளவு அடித்தும் கலையாத வில்லை என்றால் துகள் திரண்டிருக்கிறது, திரளின் இடுக்குகளில் சிக்கிய பிளாஸ்மாவும் கொரோனா என்ற கணக்கில் வந்துவிடும். விசையைக் குறைத்து மறுபடி செய்வதே மேல்.

கொழுப்புப் படலத்தாலான பையான லிபோசோம், எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் வருகிற கொழுப்பு நானோதுகள் இவற்றுக்கு மேலே சொன்னது உதவாது. அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருடையதே. அதோடு பிளாஸ்மாவிலேயே இதே அளவில் கொழுப்புத் துகள்கள் ஏராளம் இருக்கின்றன: எச்.டி.எல். 10 நானோமீட்டர் அளவு, எல்.டி.எல். 22 அளவு, கைலோமைக்ரான் நூற்றுக்கணக்கில், செல்கள் வெளிவிடும் நுண்பைகளான எக்சோசோம்கள் வேறு. அளவை வைத்துப் பிரிக்கும் குரோமடோகிராபி நெடுவரிசையை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அதிலும் இவை கூடவே வந்துவிடும். அங்கே வெற்றுப் பிளாஸ்மாவை அதே நெடுவரிசையில் ஓட்டி, அதே பகுதிகளைச் சேகரித்துக் கழிக்காமல் "எங்கள் துகளில் அப்போலிப்போபுரதம் அதிகம்" என்று சொல்லும் கட்டுரையை நான் நம்புவதில்லை. காந்தத் துகள் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், காந்தத்தை வைத்து இழுத்துக்கொள்ளலாம்.

அளப்பது

முதலில் ஒளிச்சிதறல், அதாவது டி.எல்.எஸ். இதில் சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 10 நானோமீட்டர்ப் புரதத்தைவிட 100 நானோமீட்டர்த் துகள் பத்து லட்சம் மடங்கு சிதறடிக்கும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே காரணத்தால் இரண்டு மூன்று திரட்சிகள் இருந்தாலும் அவையே முழுக் கணக்கையும் விழுங்கிவிடும். ஒற்றை அடுக்குப் புரதம் விட்டத்தில் பத்து நானோமீட்டர் வாக்கில்தான் சேர்க்கும். 100 என்பது 112 ஆனால் கொரோனா என்று சொல்லலாம், 100 என்பது 250 ஆனால் அது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியது. கழுவாமல் பிளாஸ்மாவுக்குள்ளேயே அளக்க வேண்டும் என்றால் டி.எல்.எஸ். திணறும், ஒளிரும் துகளாக இருந்தால் துகள்தடம் பின்பற்றும் முறை அல்லது ஒளிர்வுத் தொடர்பு நிறமாலையியல் பக்கம் போங்கள். தங்கத் துகளுக்கு 520 நானோமீட்டர் அருகே வரும் உறிஞ்சல் முகடு, புரதம் ஒட்டியதும் சில நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். முகடு அகலமாகிச் சாய்ந்தால் திரட்சி.

ஜீட்டா மின்னழுத்தம், அதாவது திரவத்தில் துகளின் மேற்பரப்பு காட்டும் மின்னழுத்தம், எடுத்தால், நேர்மின் துகளாக இருந்தாலும் எதிர்மின் துகளாக இருந்தாலும் கொரோனா வந்தபின் எல்லாம் மிதமான எதிர்மின் பக்கம் வந்து நிற்கும். அதற்குமேல் அதில் அதிகம் படிக்க முடியாது.

மொத்தப் புரதம் எவ்வளவு என்று பார்க்க பி.சி.ஏ. முறை, புரதமும் தாமிர அயனியும் சேர்ந்து தரும் ஊதா நிறத்தை அளப்பது. அதில் 562 நானோமீட்டரில் நிறம் படிக்கிறீர்கள், தங்கமும் அதே பக்கத்தில்தான் ஒளியை உறிஞ்சுகிறது, தாமிர அயனியோடு வினைபுரியும் துகள்களும் உண்டு. அதனால் துகளோடு சேர்த்து அளக்காதீர்கள். எஸ்.டி.எஸ். என்ற சோப்பு வகைக் கரைசலில் 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்துப் புரதத்தைக் கழற்றி, துகளைச் சுழற்றி இறக்கிவிட்டு, மேலே நிற்பதை அளவிடுங்கள். பி.சி.ஏ. எஸ்.டி.எஸ்-ஐத் தாங்கும், பிராட்ஃபோர்ட் என்ற இன்னொரு புரத அளவீட்டு முறை தாங்காது. வெற்று டியூபின் அளவைக் கழித்து, பரப்பால் வகுத்து, சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். ஒற்றை அடுக்குக்குப் பத்து மடங்கு வந்தால் கழுவல் சரியில்லை.

அதே கழற்றிய புரதத்தை ஜெல்லில் ஓட்டுங்கள், ஒவ்வொரு குழியிலும் சமப் பரப்புத் துகளிலிருந்து வந்த அளவு. 66 கிலோடால்டனில் அல்புமின், 50-லும் 25-லும் இம்யூனோகுளோபுலினின் கன, லேசான சங்கிலிகள், 28-இல் அப்போ ஏ-1, 47 முதல் 66 வரை ஃபைப்ரினோஜனின் மூன்று சங்கிலிகள். பிளாஸ்மா ஓட்டிய குழியும் கொரோனா ஓட்டிய குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் நீங்கள் பார்ப்பது கொரோனா இல்லை, கழுவாமல் விட்ட பிளாஸ்மா. இது தெரிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஜெல் சரியாக வந்த பிறகுதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது புரதத் துண்டுகளை நிறையால் அடையாளம் காணும் முறை. நூற்றுக்கணக்கான புரதப் பெயர்கள் வரும், பார்த்ததும் பூரிப்பாக இருக்கும். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே கொரோனா மாதிரியைப் பிரித்து 17 புரதவியல் மையங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எல்லா மையங்களும் பொதுவாகக் கண்டது மொத்தப் புரதங்களில் 1.8 விழுக்காடு மட்டும். பின்னர் மூலத்தரவுகளை எடுத்து ஒரே முறையில் அலசியபோது ஒற்றுமை நன்றாகவே கூடியது. ஆக, உங்கள் எல்லா மாதிரிகளும் ஒரே மையம், ஒரே கருவி, ஒரே நாள், ஒரே தேடல் அமைப்பு. குறைந்தது மூன்று தனித்தனித் தயாரிப்புகள். ஒரே தயாரிப்பை மூன்று முறை கருவியில் ஓட்டுவது கணக்கில் சேராது. வேறொருவர் கட்டுரையிலிருந்த பட்டியலோடு உங்கள் பட்டியலைப் பெயருக்குப் பெயர் ஒப்பிட வேண்டாம். மிகுதியாக உள்ள முதல் இருபது புரதங்களைப் பாருங்கள், பிளாஸ்மாவில் இருந்ததைவிட எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று பாருங்கள். பெரிய புரதத்திலிருந்து பெப்டைடு அதிகமாக வரும், மூலக்கூறு எடையால் சரிசெய்யாவிட்டால் பெரிய புரதங்களே முன்னால் வந்து நிற்கும்.

நச்சுப் பரிசோதனைக்குள் போகும்போது

சீரம் இல்லாத ஊடகத்தில் துகளைப் போட்டால் செல் சாகிறது, சீரம் போட்டால் பிழைக்கிறது. இது அடிக்கடி நடக்கும். வெற்றுப் பரப்பு செல் சவ்வில் நேரடியாக ஒட்டி, அங்கேயே சவ்வுப் புரதங்களைப் பறித்து உறையாக்கிக்கொள்ளப் பார்க்கும். சிலிகாவில் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள்: சீரம் இல்லாதபோது ஒட்டுவதும் உள்ளே போவதும் சேதமும் கூடுதல். உடலுக்குள் எந்தத் துகளும் புரதம் இல்லாத இடத்தைப் பார்ப்பதில்லை என்பதால் சீரமில்லாப் பரிசோதனையை மட்டும் வைத்து "நச்சு" என்று முத்திரை குத்துவது நியாயமில்லை. இரண்டு நிலையிலும் செய்து, இரண்டையும் வெளியிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கொரோனா காப்பாற்றுகிறது என்று 4 மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள். அமைன் பூசிய பாலிஸ்டைரீன் துகள் தன் புரத உறையோடுதான் செல்லுக்குள் போகிறது, செல்லின் செரிமானப் பையான லைசோசோம் அந்த உறையைச் செரித்து முடித்ததும் நேர்மின் பரப்பு வெளிப்பட்டு லைசோசோமை உடைக்கிறது, செல் அப்புறம்தான் சாகிறது. 24, 48 மணி நேரம் வரை பாருங்கள்.

பரிசோதனை வேதிப்பொருள்களும் துகளில் ஒட்டும். செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் எம்.டி.டி. பரிசோதனையில் உருவாகும் ஊதா ஃபார்மசானைக் கார்பன் நானோகுழல்கள் பிடித்துவைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் செல்லைச் செத்ததாகக் காட்டும். செத்த செல்லிலிருந்து கசியும் எல்.டி.எச். நொதி சில துகள்களில் ஒட்டி மறைந்து, செத்ததை உயிரோடு காட்டும். கார்பன் நானோகுழல் ஊடகத்திலுள்ள ஃபோலிக் அமிலத்தையே உறிஞ்சிக்கொள்வதால் செல் பட்டினியில் வளராமல் போவதும் உண்டு. செல் இல்லாமல் துகளும் சாயமும் மட்டும் ஒரு வரிசை, வேண்டுமென்றே கொன்ற செல்லோடு துகள் ஒரு வரிசை, வேறு கொள்கையில் இயங்கும் இன்னொரு பரிசோதனை: இவை இல்லாமல் நச்சு எண் எதையும் எழுத வேண்டாம்.

அழற்சி வந்தால் முதல் சந்தேகம் எண்டோடாக்சின் மேல் இருக்கட்டும். பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின் துகளில் சுலபமாக ஒட்டும், வடிகட்டினால் போகாது. எண்டோடாக்சினைக் கண்டறியும் எல்.ஏ.எல். பரிசோதனையையே துகள் குழப்பும் என்பதால், தெரிந்த அளவு எண்டோடாக்சினைத் துகளோடு சேர்த்து அது முழுதாகத் திரும்பக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

பட்டியலிலிருந்து உடலுக்கு

பட்டியலில் ஒரு புரதம் மேலே வந்துவிட்டால் அது வேலையும் செய்கிறது என்று அர்த்தமில்லை. எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது, மடிப்பு கலைந்ததா என்பதுதான் கேள்வி. பாலிஅக்ரிலிக் அமிலம் பூசிய தங்கத் துகளில் ஃபைப்ரினோஜன் ஒட்டி மடிப்பு விரிகிறது, மறைந்திருந்த பகுதி வெளியே வந்து வெள்ளணுக்களில் உள்ள மேக்-1 ஏற்பியைத் தட்டி அழற்சியைக் கிளப்புகிறது. 2011-இல் வந்த முடிவு இது. மடிப்பு மாற்றத்துக்கு, புரதத்தின் வடிவத்தை ஒளியால் காட்டும் வட்ட இருநிற நிறமாலையில் 208, 222 நானோமீட்டர் பள்ளங்களைப் பார்ப்பார்கள். துகள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்தக் கோட்டை அப்படியே நம்ப முடியாது, துகள் மட்டும் உள்ள கரைசலைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

குறி வைத்து அனுப்பும் மருந்துகளில் இது இன்னும் கடுமை. இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் ஒட்டிய துகள் சுத்தமான ஊடகத்தில் தன் ஏற்பியைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, சீரத்தில் கொரோனா மூடியதும் அந்தத் திறன் போய்விடுகிறது என்று 2013-இல் காட்டினார்கள். உங்கள் துகளில் ஏதாவது இலக்கு மூலக்கூறு இருந்தால் சீரத்தோடும், ஏற்பி இல்லாத செல்லோடும், அதே மூலக்கூறைத் தனியாகப் போட்டுப் போட்டி வைத்தும் பார்த்துவிட்டே வாய் திறக்க வேண்டும்.

கொரோனா எப்போதும் எதிரியும் இல்லை. 2018-இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்தின் கொழுப்புத் துகள் கல்லீரலுக்குப் போவதே ரத்தத்தில் அப்போலிப்போபுரதம்-ஈ அதன்மேல் ஒட்டுவதால்தான். அந்தப் புரதம் கல்லீரல் செல்லின் எல்.டி.எல். ஏற்பிக்குச் சாவி. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூச்சு புரதமே ஒட்டாமல் தடுப்பதால் துகளை மறைக்கிறது என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். 2016-இல் வந்த வேலை, கிளஸ்டரின் போன்ற சில புரதங்கள் ஒட்டியிருந்தால்தான் அந்நியப் பொருளை விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜ் அந்தத் துகளை விட்டுவிடுகிறது என்று காட்டியது. பெக்குக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஏற்கனவே உள்ளவர்களுக்கு அதே பூச்சின் மேல் எதிர்ப்பொருளும் காம்ப்ளிமென்ட்டும் சேர்ந்து துகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும்.

இப்படி ஒரு குறிப்பிட்ட புரதம்தான் காரணம் என்று நீங்கள் நினைத்தால், அதைச் சோதிக்க இரண்டு வழி இருக்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் நீக்கிய பிளாஸ்மாவில் கொரோனா செய்து விளைவு போகிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தப் புரதத்தை மட்டும் திரும்பச் சேர்த்து விளைவு திரும்புகிறதா என்று பாருங்கள். இதோடு, ஏற்பியைத் தொடும் பகுதிக்கான எதிர்ப்பொருளைத் துகள்மேல் விட்டு, அந்தப் பகுதி வெளியே நிற்கிறதா என்றும் பாருங்கள். எலியில் செய்யப் போகிறீர்கள் என்றால் கொரோனாவை எலிப் பிளாஸ்மாவிலும் மனிதப் பிளாஸ்மாவிலும் இரண்டு தடவை செய்து, அந்தப் புரதம் இரண்டிலும் வருகிறதா என்று தெரிந்த பிறகு ஊசி போடுங்கள்.